பட்டப்பகலில் லைட் போடச் சொன்னவள்

"இன்னாம்மா, சூரியனுக்கே டார்ச் அடிக்கச் சொல்றியா? இதுக்குத்தான் படிச்சிட்டு வந்தியா?"

ஷெட்டில் அத்தனை டிரைவர்களும் நிற்கும்போது கஜேந்திரன் அண்ணன் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி வீடு வரைக்கும் என் கூடவே வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். என் படிப்பைப் பற்றி யார் பேசினாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

முடிச்சூர்ப் பக்கம் இருக்கும் ஒரு வேன் கம்பெனியில் ஒன்பது வருடம் பாதுகாப்பு சூப்பர்வைசராக இருந்தேன். தாம்பரம், பெருங்களத்தூர், மேடவாக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் கொண்டு போய் விடுவதுதான் எங்கள் வேலை. போன மாதம் வேலையை விட்டுவிட்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் அனிதா சென்ற வாரம் போன் செய்தாள். புதிதாக வந்திருக்கும் வேன்களில் சாவியைத் திருகியதும் முன்னால் ஒரு வெள்ளைக் கோடு தானாகவே எரிகிறதாம். "அப்புறம் எதுக்கு அக்கா உங்க பகல் லைட் ரூலு? காலைல டிக் அடிக்கற ஃபார்ம்ல அந்தக் கட்டத்த எடுத்துடலாமான்னு டிரைவருங்க கேக்கறாங்க" என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன்.

அந்தக் கட்டம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

என் அப்பா மேடவாக்கத்தில் தண்ணீர் லாரியில் கிளீனர். இருபத்தைந்து வருடம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே போனவர். வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் லாரி லைசன்ஸ் வாங்க எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், அப்பா பள்ளிக்கூடமே போனதில்லை. நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ சேர்ந்தபோது வகுப்பில் இரண்டே பெண்கள். முடித்துவிட்டு ஒரு வருடம் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸும் கையுமாக இருந்தேன். பிறகு இந்தக் கம்பெனி. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் இரண்டு வருடம் எல்லா ரூட்டிலும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன், அப்பா போன மாதிரியே. அப்போது ஒன்று கவனித்தேன். எங்கள் வேன்கள் எல்லாம் சாம்பல் நிறம். ரோடும் சாம்பல், தண்ணீர் லாரி கிளப்பும் புழுதியும் சாம்பல், மழை நாளில் வானமும் அதே. எதிரில் வருகிறவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று டிரைவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பல சமயம் பார்க்கவில்லை. ஸ்கூட்டர்களில் பகலிலும் தானாக எரியும் விளக்கு வந்திருந்த காலம் அது. ஒரு பொட்டு வெளிச்சம் தூரத்திலேயே கண்ணில் படுவதை நானே பார்த்தேன். பகலிலும் ஹெட்லைட்டைத் தாழ்த்தி லோ பீம் போட்டு ஓட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி டேனியல் சாரிடம் கொண்டு போனேன்.

டேனியல் சார் எங்கள் மேனேஜர். அவரிடம் எதையாவது எடுத்துப் போனால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைப்பார். நேரம் எடுத்துக்கொள் என்று அர்த்தம். தப்பிக்க முடியாது என்றும் அர்த்தம். பென்சிலை எடுத்து நம் தாளில் 'இருக்கலாம்', 'தெரிகிறது' என்று வரும் இடங்களை மட்டும் வட்டம் போடுவார். பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே கேள்வி: "நீ பாத்தியா, யாராவது சொன்னாங்களா?" குரலை உயர்த்தவே மாட்டார். அன்றைக்கு ஆறு வட்டம். ஐந்துக்குப் பதில் சொன்னேன். கடைசியாக அவரே ஒன்று கேட்டார். இப்போது டூவீலர்களில்தான் விளக்கு எரிகிறது, அதனால் அவை தனியாகத் தெரிகின்றன. "எல்லாரும் போட்டுட்டா அப்புறம் யாரும்மா தனியா தெரிவாங்க?"

நல்ல கேள்வி. தெரியாது என்றே சொன்னேன். அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஆறு மாதம் செய்து பார்க்கலாம், பிரயோஜனம் இல்லையென்றால் எடுத்துவிடுவோம் என்றார்.

அதற்கு மறுநாள்தான் கஜேந்திரன் அண்ணன் சூரியனுக்கு டார்ச் அடித்தது.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். படப்பை ரூட்டில் அவரைவிடப் பழைய ஆள் கிடையாது. தினமும் விடியற்காலையில் நான் ஷெட்டுக்குள் நின்று ஒவ்வொரு வேனாகப் பார்த்து 'லைட் எரிகிறது' என்ற கட்டத்தில் டிக் அடிப்பேன். எல்லா வேனும் லைட்டோடுதான் கேட்டைத் தாண்டும். ஒரு நாள் சந்தேகம் வந்து மண்ணிவாக்கத்தில் ஸ்கூட்டரை ஓரம் கட்டி நின்றேன். எங்கள் வேன்களில் பாதி அணைத்துவிட்டு வந்துகொண்டிருந்தன.

காரணம் பிடிவாதம் இல்லை, கூச்சம். நம் ஊரில் பகலில் லைட் எரிந்தால் எதிரில் வருகிறவர் சும்மா போக மாட்டார். கையை நீட்டி ஐந்து விரலையும் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டுவார். லைட் எரிகிறது, அணை என்று அர்த்தம். முன்பின் தெரியாதவருக்குச் செய்கிற உதவி அது. தாம்பரத்திலிருந்து படப்பை போவதற்குள் நாற்பது பேர் உதவுவார்கள். நாற்பது பேரும் நம்மை மறதிக்காரன் என்று நினைத்தால் எந்த டிரைவருக்குத்தான் பொறுக்கும்? ஆனாலும் ரூல் ரூல்தான். கஜேந்திரன் அண்ணனை இரண்டு முறை பிடித்தேன். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். மூன்றாவது கடிதம் வந்தால் வேலை போகும். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "டீ குடிக்கிற எடத்துலகூட வெரல காட்றானுங்க மேடம்" என்றார். 'அம்மா' போய் 'மேடம்' வந்திருந்தது. அது மரியாதை இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

ஆறு மாதம் முடியும் தறுவாயில் ஆயுத பூஜை வந்தது. வேன்களைக் கழுவி வரிசையாக நிறுத்தினார்கள். வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி எல்லாம் உண்டு. டேனியல் சாரும் ஓரமாக நின்று பொரி சாப்பிட்டார். எல்லா வண்டிக்கும் பொட்டு வைக்கும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, "படிச்ச பொண்ணு கையால வெக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சந்தனக் கிண்ணத்தை வாங்கி ஒவ்வொரு வேனுக்கும் இரண்டு ஹெட்லைட் கண்ணாடியிலும் மூன்று விரலால் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். தாராளமாகவே வைத்தேன்.

நான்காம் நாள் காலை ஆறே முக்காலுக்குப் படப்பைக்குக் கொஞ்சம் முன்னால் கஜேந்திரன் அண்ணனின் வேன் ஒரு பைக்கில் மோதியது.

பைக்கில் வந்தவர் பெயர் வேலு. வெல்டர். நைட் ஷிஃப்ட் முடித்து ஒரகடத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ரோட்டு நடுவே மீடியனில் விட்டிருந்த இடைவெளியில் வலது பக்கம் திரும்பி ரோட்டைக் கடக்கும்போது வேன் இடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "வண்டி வந்ததே தெரியலம்மா. ரோடு காலியாதான் இருந்துச்சு."

அதை யாரும் நம்பவில்லை. நன்றாக விடிந்த நேரம், வானத்தில் மேகம் இல்லை, அவ்வளவு பெரிய வேன். தூங்கிக்கொண்டே வந்திருப்பார் என்றார்கள். கஜேந்திரன் அண்ணன் ஷெட்டில் உட்கார்ந்து குருட்டுப் பய, குருட்டுப் பய என்று திட்டிக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலைக்காரர்கள் டேனியல் சாரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். லைட் போட வேண்டும் என்று உங்கள் ரூல் இருக்கிறதே, போட்டிருந்தாரா? போடவில்லை என்றால் அந்த டிரைவர் எங்களுக்கு வேண்டாம். விபத்தோடு ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் ஒரகடத்தில் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. அது எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமைக்குள் நான் ரிப்போர்ட் தர வேண்டும்.

கஜேந்திரன் அண்ணனைக் கேட்டேன். "போட்டுதான் இருந்தேன் மேடம்" என்றார். இரண்டு கடிதம் வாங்கிய மனிதர். நான் நம்பவில்லை. இதை எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதுகிறேன்: நம்பாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. லைட் போடவில்லை, அதனால் விபத்து என்றால் என் ரூல் சரி என்று ஆகிவிடும். போட்டிருந்தும் விபத்து என்றால் ஆறு மாதக் கெடுவோடு ரூல் போய்விடும்.

மோட்டார் வாகன ஆய்வாளரின் அரசு ஆய்வு முடிந்து வேன் ஷெட்டுக்கு வந்ததும் இடது ஹெட்லைட்டைப் பிரித்தேன். கண்ணாடி நொறுங்கியிருந்தது, உள்ளே பல்பு முழுசாக இருந்தது. ஒரு பல்புக்குள் இரண்டு சுருள் கம்பி இருக்கும், ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. எரியும்போது கம்பி சூடாகி இளகியிருக்கும். அந்த நேரத்தில் பலமாக அடி விழுந்தால் சுருள் இழுபட்டுத் தொய்ந்துவிடும். அணைந்து ஆறியிருந்தால் சுருள் அப்படியே இருக்கும், இல்லையென்றால் வெடுக்கென்று முறியும். டிப்ளமோவில் ஒரே ஒரு நாள் சொல்லிக்கொடுத்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஹை பீம் சுருள் புதுசு போல நெருக்கமாக இருந்தது. லோ பீம் சுருள் நடுவில் தொங்கிப்போயிருந்தது. வலது பல்பையும் பார்த்தேன். அதிலும் அப்படியே.

லைட் எரிந்திருக்கிறது. அவர் சொன்னது உண்மை.

பிறகு பல்பைத் திரும்ப மாட்டுவதற்காக வலது ஹெட்லைட்டைப் பிடித்தபோது நகக்கண்ணில் ஏதோ ஏறியது. சந்தனம். கண்ணாடி உடையாத அந்த லைட்டில் மூன்று விரல் பட்டை காய்ந்து, உள்ளிருந்து பல்புச் சூடும் வெளியிலிருந்து வெயிலும் பட்டு, ஓடு மாதிரி இறுகியிருந்தது. நடுவில் குங்குமம். பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், தானாக உதிர வேண்டும் என்பது ஷெட்டில் வழக்கம். நான் தினமும் காலையில் மூன்றடி தூரத்தில், ஷெட்டின் இருட்டில் நின்று, எரிகிறது என்று டிக் அடித்துக்கொண்டிருந்தேன். இருட்டில் எதுவும் எரிகிற மாதிரிதான் தெரியும்.

என் விரலை அந்தப் பட்டைமேல் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

டேனியல் சாரிடம் போய்ச் சொன்னேன். கடிகாரத்தைக் கவிழ்த்தார். சந்தனம் வெளிச்சத்தை மறைத்திருக்கலாம் என்றேன். "இருக்கலாம்" என்று அந்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறரைக்கு நாங்கள் படப்பை ரோட்டில் நின்றோம். அவர், நான், வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கஜேந்திரன் அண்ணன். வேலு திரும்பிய அதே இடைவெளியில், அவர் பார்த்த அதே திசையில், கிழக்கே பார்த்து. முருகன் என்ற இன்னொரு டிரைவர் அதே மாதிரி வேனைக் கிழக்கிலிருந்து ஓட்டி வர ஏற்பாடு. அந்த வேனிலும் நான் வைத்த பொட்டு அப்படியே இருந்தது.

சூரியன் ரோட்டின் முனையில் உட்கார்ந்திருந்தது. வானத்தில் இல்லை, ரோட்டிலேயே. கண்ணைச் சுருக்கினாலும் தார் முழுக்க வெள்ளையாகத்தான் தெரிந்தது. இந்த இடைவெளியில் பைக் ரோட்டைக் கடக்க நான்கு எண்ணுகிற நேரம் வேண்டும் என்று முதலிலேயே பார்த்து வைத்திருந்தேன். முதலில் லைட் இல்லாமல் வரச் சொன்னோம். கஜேந்திரன் அண்ணனை முன்னால் நிறுத்தி, வேன் தெரிந்ததும் சொல்லுங்கள் என்றேன். நின்றார். கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டார்.

"எங்க வண்டி? இன்னும் கெளம்பலயா அவன்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் வேன் வெளிச்சத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. நான் இரண்டு எண்ணினேன், வேன் எங்களைக் கடந்துவிட்டது. அவர் தன்னையறியாமல் இரண்டடி பின்னால் வந்திருந்தார்.

அடுத்து சந்தனத்தோடு லைட் போட்டு. மூன்று எண்ண முடிந்தது. நான்கு வேண்டும்.

மூன்றாவது முறைக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். முருகன் துணியை வாங்கிக்கொள்ளவில்லை. கஜேந்திரன் அண்ணனும் வேறு பக்கம் பார்த்தார். வைத்தது நான்தான், நானே துடைக்கிறேன் என்று சொல்லி ஈரத்துணியால் துடைத்தேன். இறுகிப்போனது லேசில் வரவில்லை.

வேன் திரும்பிப் போய் மறுபடி வந்தது. இந்த முறை அந்த வெள்ளைப் பரப்புக்குள் தூரத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. சூரியனைவிட மங்கல்தான். ஆனால் சூரியன் அசையவில்லை, அவை அசைந்தன. "தோ, தெரியுது" என்றார் கஜேந்திரன் அண்ணன். நான் எண்ணத் தொடங்கினேன். ஏழு எண்ணிய பிறகுதான் வேன் எங்களைக் கடந்தது.

டேனியல் சார் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கஜேந்திரன் அண்ணன் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தாளு மேல தப்பு இல்ல."

சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய் வேலுவைப் பார்த்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை.

ரிப்போர்ட்டை அன்றே எழுதினேன். டிரைவர் விதிப்படி லோ பீம் போட்டிருந்தார், எதிர்வெயிலில் பைக் ஓட்டியவருக்கு வேன் தெரிந்திருக்க வழியில்லை, விளக்குக் கண்ணாடியில் பூசப்பட்ட சந்தனத்தால் வெளிச்சம் வெளியே வரவில்லை, அதைப் பூசியதும் தினசரிச் சோதனையில் கவனிக்காமல் விட்டதும் நான். கீழே என் பெயர். டேனியல் சார் பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தார். ஒரு வட்டம்கூடப் போடவில்லை. கடைசி வரியில் மட்டும் பென்சில் நின்றது.

"இந்த லைன் வேணுமாம்மா? 'சோதனையில் குறை'ன்னு போட்டாப் போதும். யாருன்னு கேக்க மாட்டாங்க."

"யாருன்னு இல்லன்னா டிரைவர்னுதான் சார் நெனப்பாங்க" என்றேன்.

அவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் கையெழுத்தில் அதுவரை மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருந்த அதே படிவம். கஜேந்திரன் அண்ணன் திங்கள்கிழமை படப்பை ரூட்டில் வண்டியை எடுத்தார். ரூலும் நிலைத்தது. ஃபார்மில் 'லைட் எரிகிறது' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, 'வெளியே, வெயிலில், நாற்பது அடி தள்ளி நின்று பார்த்தது' என்று எழுதினேன். அதைப் பார்த்த பிறகு கஜேந்திரன் அண்ணன் என்னை மறுபடி 'அம்மா' என்று கூப்பிடத் தொடங்கினார்.

பூஜைப் பொட்டுக்கு என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடியில் வைக்கக் கூடாது என்று ஒரு சர்க்குலர் போட்டால் சாமி குற்றம் என்று சண்டை வரும். அடுத்த வருடம் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நான் தயங்கி நின்றபோது, கஜேந்திரன் அண்ணனே வரிசைக்கு முன்னால் வந்தார்.

"எந்தப் பொம்பளயாச்சும் கண்ணுல பொட்டு வெச்சிக்கினு பாத்துகிறீங்களாடா? நெத்தில வை" என்று கிண்ணத்தை வாங்கி, ஹெட்லைட்டுக்கு மேலே, தகரத்தில் ஒரு பட்டை இழுத்தார். பிரச்சினை அதோடு முடிந்தது. எதிரில் வருகிறவர்கள் விரலைக் குவித்து விரித்துக் காட்டினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவது என்பதையும் ஷெட்டில் ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். இன்றைக்கும் எங்கள் வேன்களை அதை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

அனிதா, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பகலில் லைட் போட வேண்டுமா என்றால், வேண்டும். டேனியல் சார் அன்று கேட்ட கேள்விக்கும் படப்பை ரோட்டில்தான் பதில் கிடைத்தது. தனியாகத் தெரிவதற்காக நாம் லைட் போடவில்லை. எதிரில் வருகிறவர் ரோடு காலி என்று நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான். பக்கத்தில் பத்து வண்டி லைட்டோடு வந்தாலும் ரோடு காலி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். புது வேன்களில் தானாக எரியும் வெள்ளைக் கோடு நல்லதுதான். ஆனால் ஒரு மழை நாளில் அந்த வேனின் பின்னால் போய் நின்று பார். அந்தக் கோடு எரியும்போது பின் விளக்கு எரிகிறதா என்று பார். நான் இருக்கும்போதே எங்கள் ஷெட்டுக்கு வந்த முதல் வண்டியில் எரியவில்லை. அதனால் கட்டத்தை எடுக்காதே. பின் பக்கத்துக்கு இன்னொரு கட்டம் சேர். ஹை பீம் மட்டும் போட விடாதே. அது எதிரில் வருகிறவர் கண்ணில் நாம் வைக்கும் பொட்டு. ஃபார்மில் டிக் அடிக்கும்போது நீ எங்கே நிற்கிறாய் என்பதை எப்போதும் பார்த்துக்கொள்.

நான் ஏன் வேலையை விட்டேன் என்றும் கேட்டிருந்தாய். ஆய்வு செய்யும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அந்தப் பல்பைப் பிரித்த நாளிலிருந்தே எனக்கு ஆசை. மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வுக்கு என் டிப்ளமோவும் அனுபவமும் போதும், கனரக வாகன லைசன்ஸ்தான் இல்லை. அதற்கான டெஸ்ட் சென்ற புதன்கிழமை நடந்தது. காலை பத்தரை மணி, நல்ல வெயில். அப்பா டெஸ்ட் மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றிருந்தார், தான் இருபத்தைந்து வருடம் உட்காராத சீட்டில் நான் ஏறி உட்காருவதைப் பார்த்துக்கொண்டு. டெஸ்ட் பஸ்ஸின் இஞ்சினைப் போட்டேன், லோ பீமைப் போட்டேன். எதிரில் நின்ற ஆய்வாளர் கையை நீட்டி விரல்களைக் குவித்து விரித்தார்.

"தெரியும் சார். போட்டுதான் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, முதல் கியரைப் போட்டு பஸ்ஸை எடுத்தேன்.

லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது. நேற்றே தேர்வுக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.